பாலாற்றங்கரைப் பட்டணங்கள்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அரக்கோணம் தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். காட்பாடியில் காப்பிக்காக ஒரு முறை விழிப்பு. ஜோலார்பேட்டையில் வடை வாசனைக்கு மறுபடியும் விழிப்பு. வாலாஜா ரோடிலிருந்து வாணியம்பாடி வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தை இப்படித் தூங்கியே கழித்துவிடுகிறார்கள். கழித்துவிட்டு, "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றும் கேட்கிறார்கள்.

என்ன இல்லை என்று கேட்பதுதான் பொருத்தம். அகழி நிரம்பிய கோட்டை இருக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து நோயாளிகள் தேடி வரும் ஆஸ்பத்திரி இருக்கிறது. இலங்கையின் கடைசி மன்னருடைய சமாதி இருக்கிறது. ஊர்ப்பெயரையே அடைமொழியாகக் கொண்ட பிரியாணி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சீமைக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுகிற பாதரட்சைகளில் பல பிறந்து வளர்ந்த வீடு இந்தச் சீமைதான். ராணிப்பேட்டை, வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக நிற்கும் இந்தப் பட்டணங்களைத் தோல் சீமை என்றால் மிகையாகாது.

முற்காலத்தில் இவையெல்லாம் வடஆற்காடு ஜில்லாவுக்குள் அடங்கியிருந்தன. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. கணக்கில் பிரிந்தாலும் அந்தப் பட்டணங்கள் ஒரு தாய் மக்கள். அந்தத் தாயின் பெயர் பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் சிறிது தூரம் நடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகில் வயலூரில் கடலில் கலக்கிறது அது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆண்டில் பல மாதங்கள் அங்கே காண்பது மணலும் முள் புதரும்தான்.

வேலூரைப் பற்றி நெடுநாளாக ஒரு கேலிப் பேச்சு உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அடுக்கிச் சொல்வார்கள். இந்த நான்கில் ஒன்று பொய்யாகிவிட்டது. இன்னொன்று பொய்யாக வேண்டுமே என்று சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்கே நடந்திருக்கிறது. மூன்று நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு, ஆற்றை எதிர்த்து மேற்கே போகிற பிரயாணிக்கு இரண்டின் கதையும் விளங்கும். 

ராணியின் பேட்டை

முதலில் வாலாஜா ரோடு. இந்தச் சிறிய ஸ்டேஷனை அலட்சியமாகப் பார்க்கக் கூடாது. தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இதுதான். பக்கத்திலுள்ள வாலாஜாப்பேட்டை 1866-லேயே நகராட்சி அந்தஸ்து பெற்ற பழைய ஊர்.

இங்கிருந்து சிறிது தூரத்தில் ராணிப்பேட்டை. செஞ்சிக் கோட்டைத் தேசிங்கு ராஜனின் கதையைத் தெருக்கூத்தில் பார்த்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1714-இல் போரில் தேசிங்கு மாண்டபோது, அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்த ராணியின் நினைவாக, வென்ற நவாபே எழுப்பிய பேட்டை இது என்பது வழிவழி வரும் செய்தி. எதிரியின் மனைவிக்கு ஊர் எடுத்த பெருந்தன்மை!

பாலத்தைக் கடந்தால் அக்கரையில் ஆற்காடு. கர்நாடக நவாபுகளின் தலைநகரம். 1751-இல் ராபர்ட் கிளைவ் ஒரு சிறு படையுடன் இந்த ஊரைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தான். வெள்ளைக்காரன் இந்தியாவை ஆள முடியும் என்ற நம்பிக்கை அவனுக்கு வந்த இடம் ஆற்காடு என்று சரித்திரக்காரர்கள் எழுதுவார்கள். அந்தக் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஆற்றங்கரையில் நிற்கும் டில்லி வாசல் ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு மக்கன் பேடாவைச் சாப்பிடாமல் திரும்புவது பாவம். ஜீராவில் ஊறிய உருண்டைக்குள் பருப்பும் திராட்சையும் ஒளிந்திருக்கும்.

ஆற்காட்டை அடுத்து வேலூர் சாலையில் இருக்கிறது மேல்விஷாரம். தோல் வியாபாரத்தில் பொருள் சேர்த்த முஸ்லிம் குடும்பங்களின் ஊர். சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் பிரயாணிகள் தங்குவதற்காகச் சித்திக் சராய் என்ற சத்திரத்தைக் கட்டிய சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் இவ்வூர்க்காரர்தான். 1965-இல் இங்கே தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தோல் விற்ற பணம் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் மாறிய கதையை இந்தச் சீமையில் ஊருக்கு ஊர் கேட்கலாம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் பிறந்தது. ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இல்.

தோல் பதமாகும் விதம்

தோல் பதனிடும் தொழில் இந்தக் கரையில் ஏன் வேரூன்றியது? காரணங்கள் நான்கு. மணலைக் கையால் தோண்டினாலே ஊறிய பாலாற்று நீர் ஒன்று. வறண்ட காடுகளில் தானாகவே வளர்ந்து மஞ்சள் பூ பூக்கும் ஆவாரஞ்செடி இரண்டு. பதமான தோலைச் சென்னைத் துறைமுகத்தில் சேர்த்த ரயில் மூன்று. நான்காவது காரணத்தைப் பலர் சொல்வதில்லை. தோலைத் தொட்டால் தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்றபோது, முஸ்லிம் வியாபாரிகள் முதல் போட்டார்கள். சேரிகளிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள் முழங்கால் அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று வேலை செய்தார்கள். அந்த உழைப்பின் மேல் எழுந்தவை இந்தப் பட்டணங்கள்.

பழைய முறை மிகவும் சாவதானமானது. உப்புத் தடவி வந்த ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்குவார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிரைக் கழிப்பார்கள். உட்புறத்துக் கொழுப்பைக் கத்தியால் வழிப்பார்கள். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய தொட்டிகளில் ஒன்று மாற்றி ஒன்றாக வாரக் கணக்கில் கிடக்க வேண்டும். முடிவில் கடுக்காய்ச் சாற்றில் ஒரு குளிப்பு. இப்படிப் பதமான தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரோடு லண்டன் சந்தையில் விலைபோயிற்று. கழிவு இருந்தது, நாற்றமும் இருந்தது. ஆனால் பட்டையும் கடுக்காயும் மண்ணில் மக்கிப் போகிற சரக்குகள்.

குரோமியம் வந்த பிறகுதான் கதை மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை ராஜதானியில் குரோமிய முறை எட்டிப்பார்த்தது. வாரக் கணக்கில் ஆன வேலை அதில் ஒரு நாளில் முடிந்துவிடும். பதமான தோல் வெளிர் நீலமாக வெளியே வரும். 1972-இல் சீதாராமையா கமிட்டி ஒரு யோசனை சொல்லிற்று: அரைகுறையாகப் பதனிட்ட தோலை அந்நியர்களுக்கு விற்பானேன்? முழுத் தோலாகவும் பாதரட்சையாகவும் செய்து விற்றால் நாட்டுக்கு அதிக வருமானம் அல்லவா? யோசனை நியாயமானதுதான். மறு ஆண்டு முதல் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பாலாற்றங்கரையில் ஆலைகள் பெருகின. வேலை பெருகிற்று, அந்நியச் செலாவணி பெருகிற்று. அதோடு உப்பும் குரோமியமும் ஆற்றில் பெருகின.

கோட்டையும் கட்டிலும்

வேலூரில் பிரயாணி ஒரு முழு நாள் தங்க வேண்டும். முதல் மரியாதை கோட்டைக்கு. விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கத் தலைவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய கருங்கற் கோட்டை. 133 ஏக்கர் விஸ்தீரணம். சுற்றிலும் அகழி. கோட்டைக்குள் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோவிலும் சச்சரவில்லாமல் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம்.

1806 ஜூலை 10 அன்று விடியுமுன் இந்தக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கினார்கள். வட இந்தியாவின் பெரும் புரட்சிக்கு ஐம்பத்தோர் ஆண்டுகள் முந்தியது இது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று உத்தரவிட்ட துரைமார்கள், புதுவிதத் தலைப்பாகை ஒன்றையும் அணியச் சொன்னார்கள். அந்தத் தலைப்பாகையில் செருகிய சின்னம் எதனால் ஆனது தெரியுமா? தோலினால்! இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்தே கொதித்தார்கள். கோட்டையில் சிறைப்பட்டிருந்த திப்பு சுல்தானின் புதல்வர்களுடைய கொடி சில மணி நேரம் பறந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையுடன் பாய்ந்து வந்து புரட்சியை இரத்தத்தில் மூழ்கடித்தான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். தோல் சீமையின் தலைநகரத்தில் தோல் ஒரு புரட்சிக்குக் காரணமாயிற்று என்பது சரித்திரத்தின் விளையாட்டு.

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கரும் இங்கேதான் சிறையிருந்தார். 1816-இல் கொண்டுவரப்பட்ட அவர், 1832-இல் வேலூரிலேயே உயிர்நீத்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி இருக்கும் இடத்தில் 1990-இல் முத்துமண்டபம் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் காணும் இடம்.

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில். அதன் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. யாளியும் குதிரையும் கல்லிலிருந்து குதித்து ஓடிவிடுமோ என்று தோன்றும். படையெடுப்புகளுக்குப் பயந்து எடுத்துச் செல்லப்பட்ட மூலவர் சத்துவாச்சாரியில் இருக்க, கோயில் தலைமுறை தலைமுறையாக வெறுமையாகக் கிடந்தது. ஆயுதக் கிடங்காகவும் இருந்தது. 1981 மார்ச்சு மாதத்தில் லிங்கம் திரும்ப வந்தது. அன்றோடு "சாமியில்லாத கோயில்" என்ற கேலி செத்தது.

இரண்டாவது மரியாதை ஆஸ்பத்திரிக்கு. வேலூர் என்றாலே வட இந்தியர்களுக்கும் வங்காளிகளுக்கும் நினைவு வருவது கோட்டையல்ல, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கும் விடுதிகளின் பெயர்ப்பலகைகள் வங்காளி எழுத்தில் எழுதியிருப்பதைக் கண்டு புதிதாக வருகிறவர் திகைப்பார். ஆண் வைத்தியர் தொடக் கூடாது என்ற கட்டுப்பாட்டினால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, மனம் மாறி வைத்தியம் படித்த அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர். 1900-இல் அவர் தொடங்கியது ஒரே கட்டில் கொண்ட வைத்தியசாலை. 1902-இல் அது நாற்பது கட்டில் ஆஸ்பத்திரியாயிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. 1960-இல் ஐடா அம்மையார் மறைந்தபோது வேலூர் உலகப் படத்தில் ஏறிவிட்டிருந்தது.

தோல் சீமைக்கு ஏற்ற கதை ஒன்றும் இந்த ஆஸ்பத்திரியில் உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1948-இல் இங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். நோயினால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது; புண் புரையோடிக் காலையே இழக்க நேரும். அந்தப் பாதங்களுக்கென்றே மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்புகளை அவரும் தோழர்களும் உருவாக்கினார்கள். 1955-இல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பணியை வளர்த்தது. சீமான்களுக்கான பாதரட்சைகள் கப்பலேறும் வட்டாரத்தில், ஏழை நோயாளியின் பாதத்தைக் காத்த செருப்பும் பிறந்தது.

பொன்மயமான காட்சி வேண்டுமென்றால் 2007-இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீபுரம் பொற்கோயில் ஊருக்கு வெளியே இருக்கிறது. அமைதியான காட்சி வேண்டுமென்றால் மேற்கே விரிஞ்சிபுரத்துக்குப் போகலாம். அவ்வூர் மார்க்கபந்தீசுவரர் கோயிலின் மதிலழகு பழமொழியாகிவிட்ட அழகு. நிழலைக் கொண்டு நேரம் பார்க்கும் கல் ஒன்றும் அங்கே இருக்கிறது.

குடியாத்தமும் பேர்ணாம்பட்டும்

விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா வழியாக மேற்கே போனால் வலப்புறம் பிரிந்து வருகிறது குடியாத்தம். நெசவுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர். முதலமைச்சராக வந்த காமராஜர் சட்டசபையில் இடம்பெறுவதற்காக 1954-இல் இடைத்தேர்தலில் நின்று வென்ற தொகுதி. வைகாசி முதல் நாளில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால், ஊரா கடலா என்று சந்தேகம் வரும்.

அதற்கும் மேற்கே, ஆந்திர மலைகளின் அடிவாரத்தில் பேர்ணாம்பட்டு. பிரயாணிகள் வழக்கமாக வராத ஊர். ஆனால் தோல் சீமையின் உண்மையான முகத்தைக் காண விரும்புகிறவர் இங்கே ஒரு நடை வந்து போக வேண்டும். வண்டிகளில் தோல் கட்டுகள் போகும். உப்பு வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் காற்றில் கலந்திருக்கும். மூக்கைப் பொத்திக்கொள்வது வந்தவர்கள் மட்டும்தான். ஊர்க்காரர்களுக்கு அது சோற்று வாசனை.

ஆம்பூர்ப் பிரியாணியும் ஆம்பூர் ஜோடும்

ஆம்பூருக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும்படி திட்டமிடுவது புத்திசாலித்தனம். நவாபு அரண்மனைச் சமையற்காரர்களின் கைவழி வந்தது என்று இவ்வூர்ப் பிரியாணியைப் பற்றிச் சொல்வார்கள். சின்னஞ்சிறு சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், விறகடுப்பில் தம். மசாலா நாக்கை அதட்டாது, தடவிக் கொடுக்கும். கூடவே புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய்க் குழம்பு. கத்தரிக்காய் இல்லாமல் பிரியாணி வைத்தால், தாலியில்லாக் கல்யாணம் என்று எழுந்து போகிற ரசிகர்களும் உண்டு. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதை இங்கே நினைவுகொள்ளலாம்.

சரித்திரம் விரும்புகிறவர்களுக்கும் ஆம்பூர் ஏமாற்றம் தராது. 1749-இல் இங்கே நடந்த போரில்தான் நவாபு அன்வருத்தீன் மாண்டார். பிரெஞ்சுக்காரர் துணையோடு வந்த சந்தா சாகிப் வென்றார். அந்தச் சண்டையின் தொடர்ச்சிதான் ஆற்காட்டு முற்றுகையும்.

இன்றைய ஆம்பூரின் யுத்தம் காலை நேரத்தில் நடக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகத் தொழிலாளர்கள் வந்து இறங்குகிறார்கள். பாதரட்சைத் தொழிற்சாலைகளில் தையல் யந்திரத்தின் முன் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு ஜோடியின் மேல்பாகத்தைப் பல துண்டுகளாக வெட்டி, ஓரம் மடித்து, தைத்து, கட்டையில் ஏற்றி வடிவம் கொடுத்து, அடி ஒட்டி, பளபளப்பூட்டிப் பெட்டியில் வைப்பதற்குள் அது எத்தனையோ கைகள் மாறிவிடும். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் அந்தப் பெட்டிகள் போகின்றன. தொழிற்சாலைக்கு வர முடியாத பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு மேல்தோலைக் கையால் தைக்கிறார்கள். பாரிஸ் கடையில் அந்தப் பாதரட்சையை வாங்கும் சீமாட்டிக்கு இந்தத் திண்ணை தெரியாது. ஆம்பூர் வருகிற பிரயாணியாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

வாணியம்பாடியில் வானமும் வெள்ளமும்

ஆம்பூரை அடுத்து வாணியம்பாடி. உருதுக் கவிதைக்கும் தமிழுக்கும் ஒரே கூரை போட்ட ஊர். கடைத்தெருவில் தமிழிலே விலை பேசி உருதுவிலே விடை பெறுவார்கள்.

இங்கிருந்து ஏலகிரி மலைக்கு ஏறலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்களின் பெயர்களை வளைவுகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாராய்ச்சி நிலையம். 1986-இல் அங்கே நிறுவப்பட்ட 93 அங்குல வைணு பாப்பு தொலைநோக்கி ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது. 1988-இல் காவலூரில் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயரை வைத்தார்கள். போகுமுன் அனுமதி நாட்களை விசாரித்துக்கொள்வது நல்லது.

வாணியம்பாடியில் காண வேண்டிய மற்றொன்று, 1903 நவம்பர் வெள்ளத்தின் நினைவுத் தூண். பாலாறு ஒரே இரவில் ஊருக்குள் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோன துயரத்தின் சின்னம். தூணைப் படித்துவிட்டு ஆற்றுப் பாலத்தில் வந்து நிற்கிறவர், கீழே தெரியும் காய்ந்த மணலைப் பார்த்து நம்ப முடியாமல் தலையை ஆட்டுவார். நம்பத்தான் வேண்டும். 2021 நவம்பரிலும் இந்த ஆறு கரை புரண்டது. அந்தச் சில நாட்களில் வேலூர்ச் சீமையே பாலங்களில் திரண்டு, காணாமற்போன உறவினர் வீடு திரும்பியதைப் போலத் தண்ணீரை வேடிக்கை பார்த்தது.

நீரில்லாத ஆறு

ஆறு ஏன் இப்படி ஆயிற்று? மேலே கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அணைகளும் தடுப்பணைகளும். கீழே லாரி லாரியாக அள்ளிய மணல். மணல் போனால் ஊற்றும் போயிற்று. மிஞ்சிய நிலத்தடி நீரில் ஆலைக் கழிவு கலந்தது.

ஒரு கிலோ தோலைப் பதமாக்க முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். உள்ளே போகிற தண்ணீர் உப்போடும் குரோமியத்தோடும் வெளியே வருகிறது. குரோமியத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஆனால் விவசாயியின் வயிற்றிலடித்தது பெரும்பாலும் உப்புத்தான். தோல் கெடாமலிருக்கத் தடவிய அதே உப்பு, கிணற்றில் இறங்கித் தென்னையைக் கெடுத்தது, நெல்லைக் கெடுத்தது. குடத்தோடு கிணற்றுக்குப் போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டியது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு அளித்த தீர்ப்பு, இன்றைக்கும் இந்தியச் சட்டக் கல்லூரிகளில் பாடம். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழாகிவிட்டது என்ற மதிப்பீட்டை அது எடுத்துக் காட்டிற்று. ஒவ்வோர் ஆலைக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று முழங்கிற்று. பாலாற்றங்கரை விவசாயியின் உப்புக் கிணறு நாடு முழுவதுக்கும் ஒரு சட்டத்தை ஈன்றது!

நஷ்டத்தைக் கணக்கிட அமைத்த அதிகார சபை, 2001-இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று தீர்மானித்தது. ஆளுக்குப் பங்கிட்டால் பதினாயிரம் ரூபாய் கூட வராது. ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. கழிவு நீரை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கும் பல ஆலைகள் மாறின. நல்லதுதான். ஆனால் நீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் உப்பு மலையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு விடை இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்களை விழுங்கிற்று. பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் பேசிற்று. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீர வேண்டிய ஈட்டுத் தொகையை அரசாங்கம் ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும். ஆற்றைச் சீர்செய்யும் வேலையைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இரண்டாவது தீர்ப்புக்கும் நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அன்று வழக்கைக் கேட்டுக் கைதட்டிய விவசாயிக்கு இன்று பேரப்பிள்ளைகள்.

இதற்காகத் தோல் தொழிலே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காலை பஸ்ஸில் வந்திறங்கும் அந்தப் பெண்களின் டிபன் பாத்திரத்துக்குள் இருப்பது தோல் போட்ட சோறு. ஆலையை மூடினால் ஆம்பூர் பட்டினி. ஆற்றை மூடினால் எல்லாரும் பட்டினி. இரண்டையும் வாழவைக்கும் வழியைத்தான் இந்தச் சீமை தேடிக்கொண்டிருக்கிறது. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் உப்பில்லாமல் தோலைக் காக்கவும், நீரும் குரோமியமும் குறைவாகச் செலவிட்டுப் பதனிடவும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. மூளை இருக்கிறது. மனமும் பணமும் கூட வேண்டும்.

மூன்றாம் நாள் மாலையில், வாணியம்பாடிக்கு மேற்கே ஆந்திர எல்லையில் புல்லூர் வரைக்கும் போய்வரலாம். அங்கே கனகநாச்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஆந்திரத்தார் கட்டிய தடுப்பணை இருக்கிறது. 2016-இல் அதை ஐந்தடியிலிருந்து பன்னிரண்டடியாக உயர்த்தினார்கள். பாலாறு தமிழ்நாட்டுக்குள் காலெடுத்து வைக்கும் வாசல் அது. மழை நல்ல ஆண்டில் அணைக்கு மேலாகத் தண்ணீர் வழிந்தால், இக்கரைக் கிராமத்து மக்கள் மஞ்சளும் குங்குமமும் தூவி வரவேற்பார்கள்.

கோயிலுக்குச் சாமி வந்ததைக் கண்ட தலைமுறை இது. ஆற்றுக்கு நீர் வருவதையும் அது காண வேண்டும். அடுத்த முறை அந்த ரயிலில் போகிறவர்கள் காட்பாடிக் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடியும் தூங்கிவிடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வரட்டும். தங்கள் காலில் இருக்கும் செருப்பின் பிறந்தகம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.